உயரத்துக்கு அடி... எடைக்கு கிலோ!

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வருகிற 'மணமகள் தேவை' விளம்பரங்களைப் படித்திருப்பீர்கள். (கல்யாணம் ஆனவர்களும் படிப்பதுண்டு. அது வேறு விஷயம்!)

'பையன் பி.காம்., தனியார் கம்பெனி. உயரம் 5 அடி 7 அங்குலம். எடை 68 கிலோ. சொந்தமாக ஒரு கிரவுண்ட் மனை. ஊரில் 80 சென்ட் நஞ்சை. நகை பெண் வீட்டார் இஷ்டம்.'

இஷ்டம் என்றால் முப்பது சவரன் என்று அர்த்தம். இது நம்மூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். விளம்பரத்தை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். பையனின் உயரம் பிரிட்டிஷ். எடை ஃபிரெஞ்சு. மனை அசல் மதராஸ். நகையோ லண்டன் ராஜாங்கத்தின் தங்கக் காசு! ஒரு சாதாரண மாப்பிள்ளையை அளக்க இத்தனை தேசத்து அளவுகோல் தேவைப்படுகிறது.

சரி, ஒழுங்காக மெட்ரிக் முறையில் சொல்லலாமே என்று, 'உயரம் 170 சென்டிமீட்டர்' என்று விளம்பரம் கொடுத்துப் பாருங்களேன். அதே ஐந்தடி ஏழு அங்குலம்தான். ஆனால் பெண்ணின் அம்மா என்ன சொல்வார் தெரியுமா?

"என்னங்க இது... பையனை ஃபிரிட்ஜ் மாதிரி அளந்து போட்டிருக்காங்க!"

வீடு கட்டிப் பார்

கல்யாணத்துக்கு அடுத்தது வீடு. இங்கேதான் கூத்தே ஆரம்பம்.

மனை கிரவுண்டில். அதாவது 2,400 சதுர அடி. சிமென்ட் மூட்டை 50 கிலோ. கம்பி எட்டு மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர். ஆனால் கம்பியின் நீளம் நாற்பது அடி! மணல் 'யூனிட்' கணக்கு, ஒரு யூனிட் நூறு கன அடி. சுவர் ஒன்பது இஞ்ச். ஜல்லிக்குப் பெயரே 'முக்கால் ஜல்லி', 'ஒண்ணரை ஜல்லி'. முக்கால் என்ன, ஒண்ணரை என்ன என்று கேட்டால் மேஸ்திரி உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அது அங்குலம் ஸார். என்ஜினீயர் பேப்பரில் 20 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று எழுதுவதும் இதே ஜல்லியைத்தான்.

பிளைவுட் வாங்கப் போனால் இன்னும் விசேஷம். எட்டடிக்கு நாலடி ஷீட். கனம் எவ்வளவு? பதினெட்டு மில்லிமீட்டர்! ஒரே பலகை. படுத்திருந்தால் பிரிட்டிஷ், பக்கவாட்டில் பார்த்தால் ஃபிரெஞ்சு.

வீடு கட்டி முடித்து, 'ஒன்றரை டன் ஏ.சி.' மாட்டுகிறீர்கள். அந்தப் பெட்டி ஒன்றரை டன் எடை இருந்தால் சுவரோடு கீழே வந்துவிடாதா? அந்த டன் எடை அல்ல, ஐஸ். ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் கரைய எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிற சக்திக்குப் பெயர்தான் ஒரு டன். அதுவும் நம்ம ஆயிரம் கிலோ டன் அல்ல, 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன், சுமார் 907 கிலோ. ஐஸ் கட்டியை வைத்துக் கட்டடங்களைக் குளிர வைத்த காலத்தின் ஞாபகார்த்தம் இன்னும் உங்கள் படுக்கையறைச் சுவரில் தொங்குகிறது.

கார் வைத்திருப்பவர்கள் டயரைக் குனிந்து பாருங்கள். 185/65 ஆர் 15 என்கிற மாதிரி எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்! ஒரே வரியில் இரண்டு தேசம், நடுவில் ஒரு பர்சன்டேஜ். அதன் மேலேதான் நாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம்.

நமக்கு வந்தால் நூற்று நாலு

ஏப்ரல், மே மாதங்களில் நம் செய்தித்தாள்களில் ஒரு தலைப்பு தவறாமல் வரும். 'வெயில் சதமடித்தது!' அந்த நூறு, ஃபாரன்ஹீட் நூறு. செல்ஷியஸில் அது 37.8-தான். செல்ஷியஸில் சதமடித்தால் தலைப்பு எழுத ஆள் இருக்க மாட்டார். தண்ணீர் கொதிக்கிற சூடு அது.

வானிலை ஆய்வு மையம் சொல்வது செல்ஷியஸ் கணக்கு. ஜுரம் வந்தால் வீட்டில் சொல்வது ஃபாரன்ஹீட் கணக்கு. சென்னையில் 40 டிகிரி என்றால், "இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கம்" என்று விசிறிக்கொண்டு ஆபீஸ் கிளம்புகிறோம். குழந்தைக்கு 104 டிகிரி என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இரண்டும் ஒரே சூடு! சென்னைக்கு வந்தால் நாற்பது, நமக்கு வந்தால் நூற்று நாலு. அவ்வளவுதான்.

இன்னொரு மர்மம், டாஸ்மாக் பக்கம் போகிற நண்பர்கள் தீர்க்க வேண்டியது. ஃபுல் 750 மில்லி. ஆஃப் 375 மில்லி. சரியாகப் பாதி. ஆனால் குவார்ட்டர் 187.5 இல்லை, 180 மில்லி. நாலு குவார்ட்டர் சேர்த்தால் 720-தான் வருகிறது. மிச்சம் 30 மில்லி எங்கே? அது தெரியாமல்தான் பலர் அழுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பத்து நாளுக்கு ஒரு ஞாயிறு

இந்த மெட்ரிக் சமாசாரத்தை ஆரம்பித்து வைத்தது ஃபிரெஞ்சுப் புரட்சி. ராஜாவின் தலையை மட்டும் எடுத்தால் போதாது, ராஜா காலத்து அளவுகளையும் எடுக்க வேண்டும் என்றார்கள். ஊருக்கு ஊர் வேறு அளவு, ஜமீன்தாருக்கு ஜமீன்தார் வேறு படி. வாங்கும்போது பெரிய படி, கொடுக்கும்போது சின்னப் படி. குடியானவன் வயிறெரிந்தான்.

எந்த ராஜாவின் கையையும் காலையும் சாராத அளவு வேண்டும் என்று பூமியையே அளவுகோலாக எடுத்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். இதற்காக தெலாம்ப்ர், மெஷான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1792-ல் கிளம்பி, டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்து முடிக்க சுமார் ஆறு வருஷம் ஆனது. இன்றைக்கு மீட்டரைப் பூமியை வைத்து அளப்பதில்லை. 1983 முதல் ஒளியின் வேகம்தான் அளவுகோல்.

இதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. பத்து மீது வந்த மோகத்தில், நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிஷம் என்று கடிகாரத்தையும் மாற்றினார்கள். வாரத்துக்கும் பத்து நாள்! ஏழு நாளுக்கு ஒரு லீவு என்பது போய், பத்து நாளுக்கு ஒரு லீவு. ஆபீஸ் போகிற நம் போன்றவர்கள் ஒரு கணம் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். வியர்க்கிறதா? ஃபிரெஞ்சுக்காரர்களுக்கும் வியர்த்தது. பத்து மணிக் கடிகாரம் 1795-லேயே கட்டாயம் இல்லை என்று ஆனது. பத்து நாள் வாரமும் பின்னால் ஒழிந்தது. மீட்டரும் கிலோவும் மட்டும் பிழைத்து உலகம் சுற்றின.

நம் நாட்டுக்கு முதலில் வந்தது காசு. 1957 ஏப்ரல் 1 அன்று பதினாறு அணா ரூபாய், நூறு நயா பைசா ரூபாயாக ஆனது. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. (தேதி ஏப்ரல் 1 என்பதால் சிலர் நம்பியிருக்க மாட்டார்கள்.) அடுத்து 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாகக் கிலோ வந்தது. வீசை, பலம், சேர் எல்லாம் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின.

ஆனால் வாயிலிருந்து போனதா? இருபத்தைந்து பைசாவை 'நாலணா' என்றே சொன்னோம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அந்தக் காசே செல்லாமல் போனது. அரை நூற்றாண்டு காலம் அணா இல்லாமலே அணா புழங்கியது!

ரயில்வே கதை இதைவிட வேடிக்கை. 1870-களில் வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே இந்தியாவுக்கு மெட்ரிக் கொண்டுவரும் யோசனை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் சின்ன ரயில் பாதைக்கு ஒரு மீட்டர் அகலம் என்று வைத்தார்கள். யோசனை காகிதத்தோடு நின்றுவிட்டது, தண்டவாளம் மட்டும் மீட்டர் கேஜாகவே கிடந்தது. பிறகு நாடு முழுக்க மெட்ரிக்குக்கு மாறியது. மாறிய பிறகு நாம் என்ன செய்தோம்? 1992-ல் திட்டம் போட்டு, மீட்டர் கேஜைப் பிடுங்கிவிட்டு, ஐந்தடி ஆறு அங்குல பிராட் கேஜ் போட ஆரம்பித்தோம்!

பழசு ஏன் சாகவில்லை?

பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பழைய அளவுகளுக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

பன்னிரண்டு அங்குலத்தைப் பாதியாக்கலாம், மூன்றாக, நாலாக, ஆறாகப் பிரிக்கலாம். முழு எண் கிடைக்கும். ஒரு மீட்டரை மூன்றாகப் பிரித்தால் 33.33333 என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பதினாறு அணாவை நாலு தடவை பாதிப் பாதியாகப் பிரித்தாலும் ஓரணா மிஞ்சும். தராசு கையில் இருந்தால், எடைக்கல்லே இல்லாமல் ஒரு குவியலைப் பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துவிடலாம். நம் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழியும் இதே கணக்குதான். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரண்டு மடங்கு.

அடுத்தது, பழைய அளவு நம் உடம்பிலேயே இருக்கிறது. கட்டைவிரல் அகலம் ஏறக்குறைய ஒரு அங்குலம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை முழம். டேப் வீட்டில் மறந்துபோகலாம், கையை மறந்துவிட்டு யாரும் வெளியே கிளம்புவதில்லை.

குறை என்னவென்றால், என் கையும் உங்கள் கையும் ஒன்றல்ல. காலன் என்றாலே பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்க காலன் 3.785 லிட்டர். அளவு உடம்பை விட்டு ஊர் தாண்டியதும் சண்டை வந்துவிடும். மெட்ரிக்கின் பலம் அங்கேதான். பத்தால் பெருக்கு, பத்தால் வகு, புள்ளியை நகர்த்து. எந்த ஊரிலும் ஒரே கிலோ.

அமெரிக்கா இன்னும் பிடிவாதமாக மைலும் பவுண்டுமாக இருக்கிறது. ஆனால் ரகசியம் கேளுங்கள். 1893-லிருந்தே அவர்களுடைய கஜத்துக்கும் பவுண்டுக்கும் அடிப்படை மீட்டரும் கிலோவும்தான். 1959 ஒப்பந்தப்படி ஒரு அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர், முடிக்கு முடி. வெளியே வேஷ்டி, உள்ளே பெர்முடாஸ்!

இரண்டும் கலந்தால்...

தனித்தனியாக இருக்கும் வரை பிரச்னை இல்லை. கலக்கும்போதுதான் வினை.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767. அந்தக் கம்பெனியில் இந்த ரக விமானத்துக்குத்தான் முதன்முதலாகக் கிலோ கணக்கு. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ எரிபொருள். லிட்டரை எடையாக மாற்றும்போது, பழக்கத்தில் பவுண்டுக்கான எண்ணால் பெருக்கிவிட்டார்கள். விமானத்தில் இருந்தது 22,300 பவுண்டு. அதாவது தேவையில் பாதிகூட இல்லை! நடுவானில் இரண்டு என்ஜினும் ஓய்ந்தன. கேப்டன் பாப் பியர்சனுக்கு நல்லவேளையாக கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்தது. அந்தப் பெரிய விமானத்தைக் காகித ராக்கெட் மாதிரி மிதக்கவிட்டே கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

1999 செப்டம்பர் 23. நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய் கிரகத்தை நெருங்கியது. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் விசையைப் பவுண்டில் சொன்னது, அதை வாங்கிக்கொண்ட புரோகிராம் நியூட்டன் என்று நினைத்துக்கொண்டது. ஒன்றுக்கொன்று நாலரை மடங்கு வித்தியாசம். பன்னிரண்டரைக் கோடி டாலர் விண்கலம், போக வேண்டிய உயரத்தை விட வெகு கீழே போய்த் தொலைந்தது.

"அதெல்லாம் கனடா, செவ்வாய்... நமக்கென்ன ஸார்?" என்கிறீர்களா? செய்யாறு பக்கம் வாருங்கள்.

பெரியம்மாவின் ஐம்பது சென்ட்

என் பெரியம்மாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம். பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை. விற்றுவிடலாம் என்று முடிவு. சென்ட் நாற்பதாயிரம் என்று புரோக்கர் ஒருவர் பேசி முடித்தார். மூலப் பத்திரத்தில் ஐம்பது சென்ட் என்று இருக்கிறது. ஆக, இருபது லட்சம். பெரியம்மா அதற்குள் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். பாதி பேத்தியின் படிப்புக்கு, பாதி பாங்க்கில்.

அட்வான்ஸ் வாங்குகிற அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். 'பி.காம். படிச்ச புள்ள' என்ற மரியாதை. புரோக்கர் பட்டாவை எடுத்து நீட்டினார்.

"சார், நீங்களே பாருங்க. பட்டாவுல இருபதரைதான் காட்டுது. பத்திரம் அந்தக் காலத்துது. மிச்சம் முப்பது ரோட்டுல போயிருக்கும்."

பார்த்தேன். '0 - 20.50' என்று தெளிவாக இருந்தது. இருபதரையை நாற்பதாயிரத்தால் பெருக்கினால் எட்டு லட்சத்து இருபதாயிரம். பெரியம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவரு இருந்தவரைக்கும் ரோட்டுக்குன்னு யாரும் ஒரு அடி எடுக்கலியேப்பா..." என்றார், மெதுவாக.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் புரோக்கரைத்தான் நம்பினேன். அரசாங்கக் காகிதம் ஆயிற்றே! பத்து நிமிஷம் யோசிக்க டைம் கேட்டு, எதிரே டீக்கடைக்குப் போனேன். அங்கே ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பட்டாவைக் காட்டினேன்.

"தம்பி, மேல என்ன தலைப்புப் போட்டிருக்கு? படி."

"ஹெக்டேர்... ஏர்ஸ்."

"சென்ட்டுன்னு எங்கயாவது இருக்கா?"

இல்லை.

"ஒரு ஏர்ஸ்னா பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். இப்ப பெருக்கிப் பாரு."

செல்போனை எடுத்தேன். பத்துக்குப் பத்து, நூறு சதுர மீட்டர். சுமார் 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, ஒரு ஏர்ஸ் என்பது கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். சரியாகச் சொன்னால் 2.47. இருபதரை ஏர்ஸ்... ஐம்பதரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது! நிலம் எங்கேயும் போகவில்லை. பத்திரத்தில் சென்ட்டாக இருந்தது, பட்டாவில் ஏர்ஸாக உட்கார்ந்திருந்தது. டீ ஆறுவதற்குள் பதினொன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது.

திரும்பிப் போய்ச் சொன்னேன். புரோக்கர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"அட, ஆமா சார்! நான்கூட கவனிக்கல பாருங்க!"

நிஜமாகவே கவனிக்கவில்லையா, நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தாரா, அவருக்குத்தான் வெளிச்சம்.

பர்ஸில் வைத்துக்கொள்ள

மெட்ரிக் உசத்தியா, அடி அங்குலம் உசத்தியா என்று பட்டிமன்றம் வைத்தால் என் தீர்ப்பு இதுதான். பேசும்போது எதில் வேண்டுமானாலும் பேசுங்கள். கையெழுத்துப் போடும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்தைப் பாருங்கள். எண் பொய் சொல்லாது. ஆனால் எந்த பாஷையில் பேசுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

1 அங்குலம் = 2.54 செ.மீ.
1 அடி = 30.48 செ.மீ.
1 கிரவுண்ட் = 2,400 சதுர அடி = சுமார் 223 சதுர மீட்டர்
1 சென்ட் = 435.6 சதுர அடி
100 சென்ட் = 1 ஏக்கர்
1 ஏர்ஸ் = 100 சதுர மீட்டர் = 2.47 சென்ட்
1 ஹெக்டேர் = 100 ஏர்ஸ் = 2.47 ஏக்கர்
1 சவரன் = 8 கிராம்
மருந்துக்கு: டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி (இதை மாற்றிக் கொடுத்தால் மூன்று மடங்கு மருந்து!)

பத்திரப் பதிவு நல்லபடியாக முடிந்து வீடு திரும்பினோம். பெரியம்மா புடவைத் தலைப்பிலிருந்து பணத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"உங்க பெரியப்பா படத்துக்குப் போட ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டு வாப்பா."

கிளம்பினேன். வாசல் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த முனைக் கடைக்காரிகிட்ட வாங்காத. அவளுக்குக் கை குட்டை. கோயில் வாசல்ல இருக்கறவகிட்ட வாங்கு!"